மூன்றாவது சிலிண்டர்

வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவரை ஏமாற்றினால், அது பொய்யா? இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் சந்திப்பதற்கு முன்பே ஒரு லோரிப் பட்டறையில் சந்தித்துவிட்டேன். அது ஒரு கேள்வி என்பதே அப்போது தெரியவில்லை.

எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டு சும்மா இருந்த மாதங்கள் அவை. தெலுக் இந்தான் பக்கம் மாமா லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். சிறு தோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டும் வேலை. நான்கு சிலிண்டர் டீசல் லோரி, என்னைவிட மூத்தது. ஒருநாள் அது நடுங்க ஆரம்பித்தது. நின்ற இடத்தில் இஞ்சின் ஓடும்போது கண்ணாடியெல்லாம் ஆடும். பாரத்தோடு மிதித்தால் அடியிலிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். "டீசல் சரியில்லடா" என்றார் மாமா. பில்டரை மாற்றினார். வேறு நிலையத்தில் டீசல் ஊற்றினார். சத்தம் போகவில்லை.

பொமென் தாத்தாவிடம் கொண்டுபோனோம். அவர் உடனே எதையும் கழற்றவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு ஸ்பேனரை எடுத்து, இன்ஜெக்டருக்கு டீசல் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. ஒன்றாவதில் தளர்த்தியதும் இஞ்சின் நொண்டியது. "இவன் ஒழுங்கா வேலை செய்யிறான்" என்று இறுக்கினார். இரண்டாவதில் தளர்த்தியபோது ஒரு மாற்றமும் இல்லை. "இவன் ஏற்கெனவே தூங்கிக்கிட்டிருக்கான்." நடுக்கத்துக்குக் காரணம் அதுதான். இரண்டாவதன் நோசிலை மாற்றியதும் நடுக்கம் நின்றது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. மறுபடி தளர்த்திப் பார்த்தார். மூன்றாவதில் தளர்த்தியபோது சத்தம் அடங்கியது. "அப்ப அதுவும் நோசில்தான்" என்றார் மாமா, கொஞ்சம் சந்தோஷமாக. நோசில் என்றால் சில நூறு வெள்ளியோடு போய்விடும்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார் தாத்தா. மூன்றாவதன் இன்ஜெக்டரைக் கழற்றி ஒன்றாவதில் போட்டார், ஒன்றாவதை மூன்றில் போட்டார். இன்ஜெக்டர் குற்றவாளி என்றால் சத்தமும் அதோடு ஒன்றாவதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்றிலேயே நின்றது. பிறகு இஞ்சின் எண்ணெயை இறக்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். மினுமினுவென்று துகள்கள். காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. "இரும்பு இல்ல. பேரிங் தேயுது."

கனெக்டிங் ராடின் அடிப் பேரிங். மேலே டீசல் வெடிக்கும்போது அந்த அடி முழுவதும் பேரிங்கில்தான் இறங்கும். தேய்ந்து இடைவெளி விழுந்தால் இரும்பு இரும்பை அடிக்கும். டீசலை நிறுத்தினால் அடி இல்லை, சத்தமும் குறையும். கிராங்க்கைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் சில ஆயிரம் ஆகும்.

அன்று எனக்குப் பிடித்தது தாத்தாவின் கெட்டிக்காரத்தனம். இப்போது யோசித்தால் அதை நேர்மை என்றே சொல்வேன். மாமாவுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, அதுவும் மலிவான பதில். தாத்தா தன் சந்தேகத்தைத் தீர்ப்பாக்க மறுத்தார். அந்தச் சந்தேகம் தவறாகிவிடக்கூடிய ஒரு சோதனையைத் தானே வைத்தார். அவருக்குச் சத்தம் தொந்தரவு இல்லை, சாட்சி.

மாமாவிடம் அந்தச் சில ஆயிரம் இல்லை. லோரியை விற்றுவிட முடிவு செய்தார். யாரோ சொன்னார்கள், கெட்டி எண்ணெயும் கூடவே கெட்டியாக்கும் மருந்தும் ஊற்றினால் சத்தம் அமுங்கும் என்று. தாத்தா கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சதச் சொல்லிட்டேன். அதுக்கு மேல ஒங்க லோரி" என்று உள்ளே போய்விட்டார். மாமா ஊற்றினார். புனலைப் பிடித்தது நான்.

வாங்க வந்தவர் எங்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணு தம்பி" என்றார். பண்ணினேன். குனிந்து காது கொடுத்துக் கேட்டார். தலையாட்டினார். பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

பொய் சொல்வதில் இம்மானுவேல் கான்ட் அளவுக்குக் கறாரானவர் யாருமில்லை. நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் கட்டுரை எழுதியவர். ஆனால் அவரே தன் அறவியல் விரிவுரைகளில் ஓர் உதாரணம் தருகிறார். நான் பெட்டியைக் கட்டி வைக்கிறேன். பார்ப்பவர்கள் நான் பயணம் போகிறேன் என்று நினைக்கிறார்கள், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனாலும் நான் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் என் எண்ணத்தைத் தெரிவிக்கும்படி கேட்க அவர்களுக்கு உரிமையில்லை.

இதைப் படித்தபோது முதலில் நிம்மதியாக இருந்தது. நாங்களும் பெட்டிதான் கட்டினோம், அவரும் எதையும் கேட்கவில்லை. ஆனால் நிம்மதி நிற்கவில்லை. அவர் உண்மையிலேயே கேட்டார். எங்களிடம் கேட்டால் உண்மை வராது என்று தெரிந்த அனுபவசாலி அவர். அதனால்தான் எங்களை விட்டுவிட்டு இஞ்சினிடம் கேட்டார். பணம் கொடுப்பவருக்கு அதைக் கேட்க உரிமையும் உண்டு. பொய் சொல்லத் தெரியாத ஒரே சாட்சியைத் தேடிப் போனார். நாங்கள் அந்தச் சாட்சியின் வாயில் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தோம். வாயால் சொல்லும் பொய்யைவிட இது மோசம் என்று இன்று நினைக்கிறேன். வாய்ப்பொய்யை நம்பலாமா என்று யோசிக்கவாவது அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

"அவனும் லோரிக்காரன்தானடா, அவனுக்குத் தெரியாதா?" என்பார் மாமா. விலையைக் குறைத்திருந்தால்கூட அந்த வாதத்தில் பாதி நியாயம் இருந்திருக்கும். குறைக்கவில்லை. மாமா கெட்டவர் இல்லை. மூன்று மாதத் தவணை பாக்கி அவர் கழுத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பாரத்தை அவர் இறக்கி வைத்த இடம் இன்னொரு ஓட்டுநரின் இருக்கை. பேரிங் முழுதாகப் போனால் ராட் உடையலாம், ஓடும்போதே இஞ்சின் நிற்கலாம். அந்த மாதிரி லோரியில் இஞ்சின் நின்றால் கொஞ்ச நேரத்தில் பிரேக்கின் பலமும் போய்விடும்.

தாத்தாவைப் பற்றி இன்னும் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. உண்மையைக் கண்டுபிடிப்பதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்த மனிதர், அந்த லோரி கைமாறும்போது உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அறிந்தவனின் கடமை, அறிந்ததைக் காசு கொடுத்தவனிடம் சொல்வதோடு முடிகிறதா? அவரைக் கேட்க எனக்கு வாய் வராது. அன்று அவர் கையில் ஒன்றும் இல்லை, என் கையில்தான் புனல் இருந்தது.

அந்த லோரி என்ன ஆனது என்று தெரியாது. செம்பனை ஏற்றிக்கொண்டு பழைய லோரி ஏதாவது எதிரே வந்தால் இன்றும் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கிறேன்.