பால்மரத்தின் பின்பனி

மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் வகுத்த நம் முன்னோர், நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் அரைமணி நேர வேற்றுமைகூட இல்லாத மலேசியக் கோலசிலாங்கூரில் தம் சந்ததியார் குடியேறுவர் என்று எண்ணியிருக்க நியாயமில்லை. சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் மார்கழி கொண்டுவருவது பனியன்று, மழை. ஆயினும் விடியுமுன் நீராடி, தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்து வாசலில் கோலமிட்டு, செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பறித்துக்கொண்டு கோயிலுக்குச் செல்லும் வழக்கத்தை அம்மக்கள் விட்டாரில்லை. பனியில்லாத தேசத்தில் பனிக்கால நோன்பு பொருளுடையதாகுமா?

ஆகும் என்பதே சைவ சித்தாந்தம் தரும் விடையென்று கொள்கிறேன். வித்தியா தத்துவங்கள் ஏழனுள் ஒன்றாகிய காலம், மாயையினின்று தோன்றி ஆன்மாவைப் பற்றி நிற்பது, தட்பவெப்பத்தை ஒட்டியதன்று. ஆகவே கப்பலேறியவனோடு அவன் மார்கழியும் கப்பலேறிவிட்டது.

ஆனால் அந்த மண்ணுக்கும் ஒரு பின்பனி உண்டு. அதைக் கொண்டுவந்தது பால்மரம் எனப்படும் ரப்பர். அமேசான் காட்டில் பிறந்து, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூரில் இறங்கிய அதுவும் வந்தேறியே. மழை குறையும் பிப்ரவரி, மார்ச்சு வாக்கில், மும்மூன்றாய்ச் சேர்ந்த அதன் இலைகள் மஞ்சளாகி, செம்பாகி, சில இரத்தச் சிவப்பாகி உதிர, நிரைகளுக்கிடையே கணுக்கால் புதையச் சருகு சேரும். ஆண்டு முழுவதும் இருண்டு கிடந்த கித்தாக்காட்டில் திடீரென்று வானம் தெரியும். மொட்டைக் கிளைகளில் செம்பு நிறத் தளிர்கள் துவண்டு தொங்க, அவற்றோடு மணமுள்ள சிறு மஞ்சட் பூக்களும் வரும். முதிர்ந்த தோட்டத்துக்கு இதைவிட அழகிய வேளை இல்லை. தன் சேமிப்பையெல்லாம் தளிருக்குச் செலவிடும் மரம், மங்கு எனும் கிண்ணத்தில் பால் சுரக்கத் தயங்குவதும் அப்பொழுதுதான்; பால் குறைய, பால் வெட்டுபவன் கூலியும் குறைந்தது. பஞ்சாங்கப்படியும் அது பின்பனியே. எனினும் இந்த இலையுதிர்வை எந்த நோன்பும் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. வயிறு வாடியவன் வண்ணத்தைக் காணவில்லை என்பது அவனை இழிவுபடுத்துவதாகும். அவன் கண்டான், கொண்டாட மனம் வரவில்லை.

இன்று அத்தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. செம்பனை அவ்வாறு மொட்டையாவதில்லை. நிறம் மாறும் இலையைக் காண விரும்புவோர் கடலோரத்து வாதுமையைத்தான் நாடவேண்டும். அது தன் இச்சைப்படி ஆண்டில் இருமுறைகூடச் சிவந்து உதிரும்.

அவரவர் வினையை அவரவரே நுகருமாறு வரையறுப்பது நியதி என்கிறது சாத்திரம். இலையுதிர்வது மரத்தின் நியதி என்றால் மறுப்பதற்கில்லை. ஆனால் பாலின் எடைக்குத் தக்கபடி கூலி அளந்த நாட்களில், மரம் இளைப்பாறியதற்காக மனிதன் அரை வயிற்றோடு படுத்ததையும் நியதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது தோட்டத்து ஆபீசில் கிராணி எழுதிய கணக்கு.