தீனி கேட்கும் சொத்து

2006 செப்டம்பர் 4. ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலில் திருக்கையின் முள் மார்பில் பாய்ந்து, முதலைகளோடு பழகிப் புகழ்பெற்ற ஸ்டீவ் இர்வின் இறந்தபோது அவருக்கு வயது 44. மனைவி டெரி, எட்டு வயது மகள் பிண்டி, மூன்று வயதுகூட நிரம்பாத மகன் ராபர்ட். குயின்ஸ்லாந்தின் பீர்வாவில் இருக்கும் ‘ஆஸ்திரேலியா ஜூ’ ஒரே நாளில் இந்த மூவர் பொறுப்பானது. ஸ்டீவின் பெற்றோர் பாபும் லின்னும் 1970-இல் தொடங்கிய பூங்கா அது.

நிலமோ நகையோ சொத்தாக வந்தால் பூட்டிவைத்துவிட்டு அழலாம். உயிர்கள் வந்தால் முடியாது. நம் கிராமத்திலும் சாவு விழுந்த வீட்டில் யாராவது ஒருவர் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் செய்கிறார்கள். உடைந்துபோனவரை நிமிர்த்தி நடக்கவைப்பது பல நேரம் அந்த வாளியின் கனம்தான். டெரி அமெரிக்காவின் ஓரிகன்காரர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கே போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவர் போகவில்லை.

பூங்காவில் வளரும் உவர்நீர் முதலை எழுபது வயதுவரைகூட வாழும். அந்தப் பூங்காவில் இருந்த ஹாரியட் என்ற கலாபகோஸ் ஆமை, ஸ்டீவ் இறந்த அதே ஆண்டு ஜூனில்தான் கண்ணை மூடியது. வயது ஏறக்குறைய 175. செம்பருத்திப் பூ என்றால் அதற்கு உயிர். பூ நீட்டிய கைகள் மாறிக்கொண்டே இருந்தன, ஆமை இருந்தது. இப்படிப்பட்ட உயிர்களை வளர்ப்பவர் தெரிந்தோ தெரியாமலோ தன் பிள்ளைகளின் காலத்தையும் சேர்த்தே எழுதிக்கொடுத்துவிடுகிறார். அவர்களைக் கேட்டா கொடுத்தார்? எனக்கு இது உறுத்துகிறது. குடும்பத்துக்குள்ளும் எல்லாம் பழையபடியே இருந்துவிடவில்லை. 2008-இல் பாப் பூங்காவை விட்டு வெளியேறினார்.

ஆனால் 2019-இல் ராபர்ட் வெளியிட்ட இரண்டு படங்களைப் பார்த்தபோது சற்றுத் தயங்கினேன். ஒன்றில் அப்பா, மற்றொன்றில் மகன். நடுவில் 15 ஆண்டுகள். இடமும் அதுவே, மர்ரே என்ற முதலையும் அதுவே. இறைச்சியோடு நீட்டிய கை, தண்ணீரிலிருந்து வாயைப் பிளந்து எழும் முதலை. கடமைக்குச் செய்கிறவன் அத்தனை நெருக்கத்தில் போய் நிற்கமாட்டான்.

பிண்டியின் கல்யாணம் 2020 மார்ச் 25-இல் பூங்காவுக்குள்ளேயே நடந்தது. கொரோனா நேரம், விருந்தினர் ஒருவரும் இல்லை. கதவு சாத்தி, டிக்கெட் வரும்படி நின்றுபோன அந்த வாரங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களுக்கு வேளாவேளைக்குத் தீனி போயாக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அதே தேதியில் மகள் பிறந்தாள். வளர்ந்த பிறகு அவளிடமாவது ஒருமுறை, “உனக்கு இது வேண்டுமா?” என்று வாய்விட்டுக் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.