கோட்டுக்குக் கீழே உள்ள எண்

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பள்ளி வாயில்களில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பதாகை ஏறும். மாநில ரேங்க் பட்டியல் 2017-இல் நின்றபின், பெற்றோர் பள்ளிகளை நிறுக்க எடுக்கும் முதல் படிக்கல் அதுவே. அதன் எடையைச் சற்றே சோதிப்போம்.

மாநகராட்சியின் ‘சென்னை மேல்நிலைப் பள்ளி’, அரசு ஊதியம் தரும் உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி ஆகிய மூன்றுக்கும் சமச்சீர்க் கல்வி வந்தபின் பத்தாம் வகுப்பு வினாத்தாள் ஒன்றே. மயிலாப்பூர் வித்யா மந்திர் போன்ற சிபிஎஸ்இ பள்ளிகளின் தேர்வு வேறு. அவற்றை இந்தத் தராசில் வைத்தல் பொருந்தாது.

வினாத்தாள் ஒன்றானாலும் பிள்ளைகளின் தொடக்கம் ஒன்றன்று. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் 1894-இல் தொடங்கிய இலவசப் பள்ளியின் வழிவந்தது, பெசன்ட் நகர் ஆல்காட் நினைவுப் பள்ளி. அத்தகைய பள்ளிக்கு வீட்டில் முதன்முதலாகப் படிக்க வரும் பிள்ளையை 35 மதிப்பெண்ணுக்கு உயர்த்துவதும், படித்த வீட்டுப் பிள்ளையை அதே 35-ஐத் தாண்டச் செய்வதும் ஒரே உழைப்பாகா. விழுக்காடு இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

எல்லாவற்றினும் ஆழமான சிக்கல் பின்னத்தின் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. விழுக்காடு தேர்வு எழுதியோரைக் கொண்டு வகுக்கிறது, சேர்ந்தோரைக் கொண்டு அன்று. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நூறு பேர். பின்தங்கிய முப்பது பேரை அங்கேயே நிறுத்தியோ டி.சி. கொடுத்தோ விட்டு, எழுபது பேரை எழுதவைத்து எழுபதும் தேறினால் நூறு விழுக்காடு. இன்னொன்றில் நூறு பேரும் எழுதி, தொண்ணூறு பேர் தேறினால் தொண்ணூறு. பெயர் முதற்பள்ளிக்கு, பணியோ இரண்டாவதனுடையது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், அந்த முப்பது பேர் எந்தப் பதாகையிலும் தோன்றாமல் போவதே.

விலகிய ஒவ்வொருவரையும் பள்ளியின் கணக்கில் வைப்பதும் தவறு. கூவக் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என மறுகுடியமர்த்தப்படும்போது பிள்ளைகள் பள்ளி மாறுகிறார்கள். அது பள்ளி விலக்கியதன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய வழி உண்டு: ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித்துறையின் தகவல் தொகுப்பான ‘எமிஸ்’-இல் தனி எண் இருக்கிறது. ஒன்பதில் சேர்ந்தவர் எத்தனை பேர், வேறு பள்ளிக்குச் சென்றவர் எத்தனை பேர், படிப்பையே விட்டவர் எத்தனை பேர் என்ற மூன்றையும் தேர்ச்சி விழுக்காட்டின் அருகிலேயே கல்வித்துறை அச்சிட வேண்டும். அதுவரை, சேர்க்கைக்குச் செல்லும் பெற்றோர் தலைமை ஆசிரியரிடம் அந்த மூன்றையும் நேரில் கேட்கலாம்.