தொட்டியில் பிழைத்தால் போதுமா?

ஓர் உயிரைக் காப்பதென்பது அதனை நம் கைவசப்படுத்திக் கொள்வதா, அன்றி அதன் இடத்திலேயே அதனை வாழவிடுவதா? தாம்பரத்தைச் சூழ்ந்த வீடுகளின் மாடிகளில் கள்ளித் தொட்டிகளைக் காணுந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது.

கள்ளிமுளையான் என்றொரு செடி உண்டு. தமிழகத்தின் வறண்ட பாறை நிலங்களில், முட்புதர்களின் நிழலில் வளர்வது. நாற்பட்டையான சதைத்தண்டே அதன் உடல். பகலில் மூச்சுத்துளைகளை மூடி, இரவில் திறந்து, உள்ள நீரைச் சிக்கனமாய்க் காத்துக்கொள்ளும். அரபியில் கள்ளியை 'ஸப்பார்' என்பர். பொறுமையைக் குறிக்கும் 'ஸபுர்' என்னும் சொல்லும் அதே வேரினின்று பிறந்ததே.

பஞ்ச காலங்களில் ஏழைகள் இதனை உண்டு பசியாறினர். வேட்டைக்குச் சென்ற மலைவாழ் மக்கள் மென்று பசியடக்கினர். இன்றோ, உண்டு பருத்தோரின் பசியைக் குறைக்கவென இதன் சாறு மாத்திரையாக வெளிநாடுகளிலும் விற்கப்படுகின்றது. இத்தகைய வளத்தால் விளையும் பயனில் அதனைப் பேணிய மக்களுக்கும் பங்குண்டு என்கிறது 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம். அதன்படி 2003-இல் அமைந்த தேசிய ஆணையம் நம் அண்டையிலுள்ள தரமணியிலேயே இயங்குகின்றது. ஆயினும் வணிகரைக் கட்டுப்படுத்தும் சட்டம், அரிய செடியொன்றை எப்படியேனும் அடைந்துவிடத் துடிக்கும் நம் ஆசையைக் கட்டுப்படுத்துமா?

அப்படியாயின் வீட்டில் வளர்ப்பது தவறோ? அன்று. தண்டை ஒடித்து, வெட்டுவாய் காய்ந்தபின் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர்விடும்; மிகுநீரே அதற்குப் பகை. இவ்வாறு வளர்த்து ஒருவர் மற்றவர்க்கு வழங்கினால், மலைச்செடியைப் பிடுங்கும் தேவை குறையும். எனினும் ஒரே தண்டின் வழிவந்த நூறு தொட்டிகளும் உண்மையில் ஒரே செடிதாம்; ஒன்றைக் கொல்லும் நோய் நூறையும் கொல்லக்கூடும். ஈக்கள் மகரந்தம் சுமக்க, பஞ்சிழை பூண்ட விதைகள் காற்றில் பறந்து, வேறுவேறு இயல்புள்ள சந்ததிகள் தோன்றுவது காட்டில்தான்.

ஆகவே தொட்டி காட்டுக்குத் துணையாகலாம், மாற்றாகாது. நன்மங்கலம் காப்புக்காடு, 1937-இல் தாம்பரம் வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காடு போன்றவற்றை 'வெறும் முட்காடு' என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். வறட்சி தாங்கும் சிற்றுயிர்களுக்கு அத்தகைய நிலமே தாய்வீடு.

தொட்டி நமது உடைமை. செடியோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். காட்டினின்று பிடுங்கப்பட்ட செடியை விலைக்கு வாங்க மறுப்பதும், புதர்நிலத்தில் குப்பை கொட்டாதிருப்பதும் எவரும் புகழாத செயல்கள். அவற்றைச் செய்யவும் கள்ளியின் பொறுமையே நமக்கு வேண்டும்.