கரையில் நிற்பவர்

வென்றவனுக்கு மாலை விழுகிறது. அவனுக்குக் கற்றுக் கொடுத்தவருக்கு என்ன கிடைக்க வேண்டும்? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு சையத் அப்துல் ரஹீமின் நினைவு வருகிறது.

ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். 1950 முதல் இந்தியக் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சியளித்தார். 1952-இல் ஹெல்சிங்கியில் அக்குழு யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றது; நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நான்கே ஆண்டுகளில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். அப்போதே புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூனில் மறைந்தார்.

ஜகார்த்தாவில் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டிருந்தது. தடுப்பாட்டக்காரரான அவரை ரஹீம் முன்வரிசைக்கு மாற்றினார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2–1 என்று வென்றபோது ஒரு கோல் ஜர்னெயில் போட்டது. அது அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. நியாயந்தான்; உதைத்த கால் அவருடையது அல்லவா?

ஆனால் தோற்றால் மட்டும் கணக்கு மாறிவிடுகிறது. ‘பயிற்சி சரியில்லை’ என்கிறோம். பழியில் முழுப் பங்கு, புகழில் பங்கே இல்லை. இப்படி ஒரு தொழிலை மனிதர் ஏன் ஏற்கிறார்?

பென்னலூரைச் சுற்றி இன்று எத்தனையோ தொழிற்சாலைகள். கை பழகாத பையனுக்கு இயந்திரத்தின் அருகில் நின்று சொல்லித் தரும் மூத்த தொழிலாளி அங்கெல்லாம் இருப்பார். என்றைக்குப் பையன் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் வேலையை முடிக்கிறானோ, அன்றைக்குத்தான் அவர் வேலையும் முடிகிறது. கரையில் நிற்பவரைத் தேடாமல் ஜர்னெயில் பந்தை உதைத்தாரே, அதுவே ரஹீமுக்குக் கிடைத்த கூலி என்று நினைக்கிறேன்.

அவர் ஒதுங்கி நின்றது பெருந்தன்மை. அதைச் சாக்காக வைத்து நாம் மறந்துவிடலாமா? 1962-க்குப் பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒருவருடைய வித்தையை அவர் இருக்கும்போதே பத்துப் பேர் கற்று வைத்துக்கொள்ள வேண்டாமா? பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், காக்கச் சொன்ன மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்பார்கள். சொல்ல ஒருவர் துணிந்தால் போதாது; கீழே கேட்க ஆட்கள் கூட வேண்டும்.

மாலை போடுவது எளிது. அவரிடம் கற்றுக்கொள்ள நாலு பேரை அனுப்புவதுதான் ஆசிரியருக்குச் செய்யும் நன்றி.