பழமொழியும் பழியும்

பழமொழி மக்கள் வாழ்வில் விளைந்த அறிவு. சமணச் சான்றோராகிய முன்றுறை அரையனார், பாட்டுக்கு ஒரு பழமொழியாக அமைத்துப் 'பழமொழி நானூறு' என்னும் அறநூலை யாத்தார். ஊரார் வாய்ச்சொல்லையே அறத்திற்குத் துணையாக்கிய மரபு நம்முடையது. ஆயினும், ஊரார் சொல்வன எல்லாம் அறமாகிவிடுமோ?

"கொன்றால் பாவம், தின்றால் போச்சு" என்பதைக் கேளாதார் இலர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது நம் அறம். ஆதலின், தின்பவன் பாவத்தைத் தீர்ப்பவன் அல்லன். அதில் பங்கு கொள்பவன். இதனை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர்.

ஆனால், "அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்னும் பழமொழியை நாம் அவ்வாறு ஆராய்ந்தோமா? 'அடி' என்பது இறைவன் திருவடி என்று சிலர் விளக்குகின்றனர். அருகன் அடி பணியும் நமக்கு அது உவப்பாகவே உள்ளது. எனினும், ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். வகுப்பறையில் நாம் அதைக் கூறியபோது நம் கையில் பிரம்பு இருந்தது; வாய்ப்பாடு மறந்த சிறுவனின் உள்ளங்கை எதிரே நீண்டிருந்தது. திருவடி நினைவில் இல்லை. ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் கற்றுத் தேறியிருந்தோம். பிரம்பை ஓங்கியபோது துணைக்கு வந்தது அக்கல்வியன்று, இப்பழமொழியே.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்தது. சட்டம் பிரம்பை வாங்கிக்கொண்டது. வீடுகளில் இன்றும் வழங்கும் சொல்லை யார் வாங்குவது? புதுப்பொருள் கூறிப் பழைய அடியை மறைப்பதும், 'தின்றால் போச்சு' என்பதும் ஒன்றே அன்றோ?

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, விழிப்பின்மையை அதன் வேராகக் காட்டுகிறது. பழமொழியோ எண்ணாமலே நாவில் வந்துவிடும் சொல். விழிப்பு மிகுதியும் வேண்டுவது அங்கேதான்.

அதற்காகப் பழமொழிகளை மறந்துவிட வேண்டுவதில்லை. அவை நாம் நடந்த வழிக்குச் சான்றுகள். உள்ள பொருளை உள்ளபடியே குழந்தைகளுக்குக் கூறி, "இவ்விடத்தில் நாங்கள் பிழைத்தோம்" என்றும் சொல்வோம். செய்த பிழையை உணர்ந்து, வருந்தி, அதனின்று மீள்வதே நம் அறம் வகுத்த பிரதிக்கிரமணம். அன்று நீண்ட அந்தச் சிறு கைகளை எண்ணியே இதனை எழுதுகிறோம்.

அறம் வளர்க!