பார்க்கும் ஆசைக்கு எல்லை உண்டா?

கோடை விடுமுறை விட்டதும், ஆவுடையார்கோவில், மீமிசல் பக்கத்துப் பிள்ளைகள் கடலுக்குப் போகவேண்டுமென்று பெற்றோரை நச்சரிப்பது வழக்கம். அதில் குற்றமொன்றுமில்லை. கண்மாய் வற்றி, புழுதியும் அனலுமாய் நாள் கழிகிற சித்திரை வைகாசியில் கடற்காற்றை விரும்பாதவர் யார்? முன்பெல்லாம் கடலுக்குப் போவதென்றால், கரையில் நின்று காலை நனைத்துக்கொண்டு, கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்புவதே. இப்போது காரியம் அவ்வளவோடு நிற்கவில்லை. கயாக் என்னும் ஒடுங்கிய சிறு தோணியும், பேடில் போர்டு என்னும் பலகையும் நம் கரைக்கு வந்துவிட்டன. பலகைமேல் நிமிர்ந்து நின்று, நீண்ட துடுப்பினால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவது இந்தப் பலகை விளையாட்டு. பிரப்பன்வலசையில் இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில், வனத்துறையும் ஊர்ச் சனங்களும் சேர்ந்து, அலையாத்திக் காட்டினூடே படகும் கயாக்கும் விடுகிறார்கள்.

இதைப் புது விளையாட்டு என்று சொல்லுகிறவர்கள் நம் கடற்கரைக்காரரைக் கேட்டால் சிரிப்பார்கள். கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் நின்றும் முழந்தாளிட்டும் துடுப்புப் போட்டுக் கடலுக்குப் போனவர்கள் அவர்கள். கட்டுமரம் என்ற அவர்கள் வார்த்தையை ஆங்கிலேயர் அப்படியே எடுத்துத் தங்கள் பாஷையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கட்டுமரக்காரன் போனது வயிற்றுக்காக. பலகையில் போகிற நாம் போவது கண்ணுக்காக. பறவையைப் பார்க்க, ஆமையைப் பார்க்க, அதிர்ஷ்டமிருந்தால் கடல் பசுவைப் பார்க்க.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. தன்போக்கில் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு ஜீவனைப் பார்ப்பதற்காக மாத்திரம் அதன் வீட்டுக்குள் போக நமக்கு நியாயம் உண்டா? உண்டென்றால், எதுமட்டும்?

கடல் பசுவையே எடுத்துக்கொள்வோம். நம் ஜில்லாவுக்கு அது அந்நியமல்ல. ஆவுளியா என்று கடற்கரையில் சொல்லுவார்கள். மூன்று மீட்டர் நீளமும், நானூறு கிலோ மட்டும் எடையும் வளரக்கூடிய சாதுவான பிராணி. மீனல்ல, குட்டி போட்டுப் பால் கொடுப்பது, சில நிமிஷங்களுக்கொருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாகவேண்டும். தின்பது கடற்புல். அந்தப் புல் வளர்வது வெயில் அடிமட்டும் இறங்கக்கூடிய ஆழமற்ற தண்ணீரில். நம் பாக் விரிகுடாவோ பல இடங்களில் பத்து மீட்டர் ஆழங்கூட இல்லாதது. ஆகவே அந்தப் பிராணிக்கு இது பிறந்த வீடு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இத்தகைய பாதுகாப்பகம் இதுவே முதலாவது.

எழுபது வருஷம் வாழக்கூடிய பிராணிதான். ஆனாலும் தாய் பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரே குட்டியைப் போடுகிறது. மறு குட்டிக்கு மூன்று வருஷமும் ஆகலாம், ஏழு வருஷமும் ஆகலாம். அந்தக் குட்டி ஒன்றரை வருஷம் மட்டும் தாயை ஒட்டியே திரியும். இப்படிப்பட்ட இனத்தில் ஒன்று குறைந்தால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் செல்லும் என்று பாருங்கள். இதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று, இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது, வட பசிபிக்கின் குளிர்ந்த கடலில் இருந்தது. 1741ல் ஸ்டெல்லர் என்ற ஜெர்மானிய சாஸ்திரி அதைக் கண்டு எழுதிவைத்தார். 1768க்குள் கடலோடிகள் அதை அடியோடு தின்று தீர்த்துவிட்டார்கள். கண்டுபிடித்ததிலிருந்து இருபத்தேழு வருஷம்!

“நாங்கள் கொல்லவா போகிறோம்? பார்க்கத்தானே போகிறோம். பலகையில் என்ஜின் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. ஒரு பாவமும் இல்லையே” என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். நல்ல வாதந்தான், பாதி மட்டும் உண்மையுங்கூட. விசைப்படகின் சுழலி கடற்பிராணியின் முதுகைக் கிழிக்கும், பலகை கிழிக்காது. ஆனால் மறுபாதியையும் பார்க்கவேண்டும். என்ஜின் சத்தத்தைக் கேட்டு ஒரு பிராணி தூரத்திலேயே எச்சரிக்கையாகி விலகிக்கொள்ள வழியுண்டு. சத்தமில்லாமல் வருகிறவன் கிட்டத்தில் வந்த பிறகே தெரிகிறான். அப்போது அது திடுக்கிட்டுத்தான் ஓடவேண்டும். பெரிய படகு நுழைய முடியாத முழங்கால் தண்ணீரில் எல்லாம் பலகை போகும். பறவைகளுக்கும் கடல் பசுவுக்கும் எஞ்சிய தனியிடம் அந்த முழங்கால் தண்ணீரே அல்லவா? மேலும் பலகையின்மேல் மனுஷன் நெடுக நிற்கிறான். மணல் திட்டில் உட்கார்ந்திருக்கும் பறவையின் கண்ணுக்கு அது எப்படித் தோன்றும் என்பதை அவன் அறியான்.

பறவையைப் பற்றி ஒரு காரியம் சொல்லவேண்டும். பெரியவர்களிலும் அநேகருக்கு இது தெரியாது. குளிர்காலத்தில் வடதேசத்திலிருந்து கோடியக்கரைக்கும் நம் கரைக்கும் வருகிற பறவைகளில் பெரும்பாலானவை கோடைக்கு முன்னமே திரும்பிப் போய்விடும். ஆனால் ஆலாக்களிலும் உப்புக்கொத்திகளிலும் சில வகைகள் இங்கேயே கோடையில் வெறும் மணலில் சிறு குழி பறித்து முட்டையிடுகின்றன. கூடு என்று ஒன்றும் இராது. முட்டையும் மணல் நிறமாகவே இருக்கும். மே மாதத்து நடுப்பகலில் தாய்ப்பறவை அதன்மேல் உட்கார்ந்திருப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க என்று நினைக்கிறோம். இல்லை, நிழல் கொடுக்க. அந்த வெயிலில் தாய் எழுந்து போய்விட்டால், உள்ளிருக்கும் குஞ்சு வெந்துபோகும். பலகையைக் கரையேற்றிவிட்டு, “பறவை எவ்வளவு அழகாகப் பறக்கிறது” என்று நின்று படம் பிடிக்கிறவன் கொல்லவில்லை, கல்லெறியவில்லை. அவன் நின்றான், அவ்வளவுதான். திரும்பிப் போகும்போது மனம் நிறைந்த சந்தோஷத்தோடு போகிறான். தான் செய்தது இன்னதென்று அவனுக்கு ஒருகாலும் தெரியப்போவதில்லை.

அறியாமல் செய்தது பாவமாகுமா என்று கேட்பீர்கள். அறியாமை குற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்ற இடத்தில் கேளாமல் இருந்தவனுக்கு அந்தச் சாக்கு முழுதும் செல்லாது. கரையில் வலை காயவைக்கும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும், எந்தத் திட்டில் பறவை உட்காரும் என்று சொல்லிவிடுவார்.

பார்ப்பதைப் பற்றி நம் பழைய ஆசிரியர்கள் ஆழமாய் யோசித்திருக்கிறார்கள். அர்ச். அகுஸ்தினார் ஏறக்குறைய 1600 வருஷங்களுக்கு முன் எழுதிய சுயசரிதையில் ஒரு வேடிக்கையான இடம் உண்டு. நாய் முயலைத் துரத்துவதைப் பார்க்க அவர் வேடிக்கை மைதானத்துக்குப் போவதை விட்டுவிட்டாராம். ஆனால் வயல்வழியே போகும்போது தற்செயலாய் அப்படி ஒன்று எதிர்ப்பட்டால், மனம் அதன் பின்னே ஓடிவிடுகிறதாம். வீட்டில் சும்மா இருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதும், சிலந்தி தன் வலையில் சுற்றுவதுங்கூட அவரை இழுத்துக்கொண்டதாம். அந்தப் பிராணிகளிலிருந்து அவற்றைச் சிருஷ்டித்தவரைப் புகழ மனம் ஏறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆயினும் நான் பார்க்கத் தொடங்கினது அதற்காக அல்ல என்று தம்மைத்தாமே பிடித்துக்கொள்கிறார். எவ்வளவு நேர்மை! இயற்கையை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கடலில் இறங்குகிற நமக்கும் இது பொருந்தும். நேசம் பிறகு வரலாம். முதலில் வருவது, நான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை. கைபேசியில் படம் இல்லாவிட்டால் போனதே வீண் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பதைக் காணாதவர் உண்டோ?

அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதையே ஒழுங்குபடுத்திச் சொன்னார். அறிவு நல்லதே; அறிய விரும்புவதும் நல்லதே; ஆனால் அந்த விருப்பம் போகிற வழி கோணலாகக்கூடும். கற்கும் ஆர்வம் என்பது ஒரு புண்ணியம், வெறும் வேடிக்கை ஆசை என்பது அதன் பக்கத்திலேயே நிற்கும் ஒரு குறை என்று இரண்டையும் பிரித்தார். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன்: வந்தது கண்ணுக்குத் தெரியாவிட்டால், எவன் கோபித்துக்கொள்கிறானோ அவனிடம் இருப்பது இரண்டாவது.

நம் ஊருக்கே இதில் ஒரு பாடம் உண்டு. இங்குள்ள பெரிய சிவன் கோவிலின் கருவறையில் ஆவுடையார் மாத்திரமே இருக்கிறது. அதன்மேல் லிங்கம் இல்லை. தூரதேசத்திலிருந்து தரிசிக்க வருகிறவர்கள் பார்க்க ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்துவிட்டு மனத்திருப்தியோடு போகிறார்கள். அவர்கள் மதம் வேறு, நம் மதம் வேறு. எனினும் கண்ணுக்கு அகப்படாததைத் தேடிப் போய் நஷ்டப்பட்டதாக நினையாமல் திரும்பும் மனசு மதிக்கத்தக்கது. அதே கோவிலின் கற்கொடுங்கை உலகப் பிரசித்தம். அது கல்தானா மரமா என்று பரீட்சிக்க ஒரு வெள்ளைக்காரன் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தான் என்று ஊரில் ஒரு கதை சொல்லுவார்கள். கதை மெய்யோ பொய்யோ, அப்படிப்பட்ட பார்வை உலகத்தில் இல்லாமலில்லை.

இன்னொரு ஆட்சேபணை இருக்கிறது. முந்தியதைவிட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். கண்ணால் காணாததை நேசிப்பது கடினம். சனங்கள் கடற்புல்லையும் அலையாத்தியையும் பார்த்தால்தான் அதைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் வரும். பார்க்க வருகிறவர்களால் கடற்கரைக் குடும்பங்களுக்கும் நாலு காசு கிடைக்கும் என்கிறார்கள். இது நியாயம். காரங்காட்டில் படகோட்டுகிறவர் அவ்வூர்க்காரரே. வருகிறவர்களுக்கு நண்டும் மீனும் சமைத்துப் போடுகிறவர்கள் அவ்வூர்ப் பெண்களே. ஆகையால் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். கடல் பசு 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் இறைச்சிக்கு இந்தக் கரையில் விலை இருந்தது. அதை இன்று விட்டுக்கொடுத்தவர் மீனவர். வலையில் அது அகப்பட்டால், பல ஆயிரம் ரூபாய் பெறும் தன் வலையைத் தானே அறுத்து அதை விடுகிறவரும் அவரே. தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளில் அப்படி விட்டவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசு கொடுத்ததுண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 மட்டும் 61 நாள், மீன்கள் முட்டையிடும் காலமென்று, விசைப்படகைக் கரையில் கட்டிப்போட்டுவிட்டு வேலையில்லாமல் இருப்பவரும் அவர்தான். சரியாக அந்த 61 நாளில்தான் நம் விடுமுறையும் வருகிறது. கடலுக்கு ஓய்வு கொடுக்க ஒருவன் தன் அடுப்பைக் குறைத்துக்கொள்ளும்போது, அதே கடலில் இன்னொருவன் பொழுதுபோக்க இறங்குகிறான். இழுவை மடி போடுகிற விசைப்படகு கடற்புல்லை வேரோடு பெயர்க்கிறது என்பதும் மெய்யே; மீனவர் எல்லாரும் குற்றமற்றவர் என்று சாதிக்க வரவில்லை. ஆனால் பிழைப்புக்காகப் போகிறவனுக்குப் பத்து விதிகள் இருக்கையில், வேடிக்கைக்காகப் போகிறவன் ஒரு விதியாவது தனக்குத்தானே வைத்துக்கொள்வது நீதியல்லவா?

அமெரிக்காவில் ஃபுளோரிடா தேசத்தில் கிரிஸ்டல் ரிவர் என்ற இடத்தில் மானட்டி என்னும், நம் கடல் பசுவின் உறவான பிராணி, குளிர்காலத்தில் வெதுவெதுப்பான ஊற்றுகளைத் தேடிக் கூட்டமாய் வருகிறது. அதைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து சனம் வருகிறது. அந்த ஊரின் பிழைப்பே அதுதான். அப்படியிருந்தும் குளிர் மாதங்களில் சில இடங்களைக் கயிறு கட்டி அடைத்து, படகோ பலகையோ நீந்துகிற மனுஷனோ ஒருவரும் உள்ளே போகாதபடி வைக்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் 1986 முதல் 21 தீவுகள் தேசியப் பூங்காவாயிருக்கின்றன. உத்தரவின்றி அங்கே கால்வைக்கக் கூடாது. உலகத்தில் சில இடங்கள் நம்மால் பார்க்கப்படாமல் இருப்பதே அவற்றுக்கு நல்லது என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

இந்தக் கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றோர், தனியாய்ப் பலகை எடுத்துக்கொண்டு போகவிடாமல், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக் கூலி கொடுத்துப் போங்கள். காலை வெயில் ஏறுமுன் போனால் பிள்ளைகளுக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது. ஒரு பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே போதும், அங்கேயே துடுப்பை நிறுத்துங்கள். அது எழும்பினால் நீங்கள் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள். மணல் திட்டில் இறங்கவேண்டாம். கடல் பசுவைக் காட்டுகிறேன் என்று யாராவது உறுதி சொன்னால், அவரோடு போகாதீர்கள். அதை உறுதியாய்க் காட்ட ஒரே வழி அதைத் துரத்துவதுதான். அதற்குப் பதிலாக, தெளிந்த தண்ணீரில் கடற்புல்லின் நடுவே வெறும் மணலாய்க் கோடு கோடாகத் தெரிகிற தடங்களைக் காட்டச் சொல்லுங்கள். கடல் பசு புல்லை வேரோடு மேய்ந்துகொண்டு போன வழி அது. நேற்று ராத்திரி மேய்ந்ததா, நாலு நாளுக்கு முன்பா என்றுகூடப் பழகின மீனவர் சொல்லக்கூடும்.